மார்க்கெட்டிங் டீமுக்கு எந்த மென்பொருள்? முதலில் ஓனரின் போனில் திறந்து பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஹோம்ஸ்டே, தேயிலை, சாக்லேட், தைலம் என்று ஏதாவது ஒன்றை விற்கும் சிறு நிறுவனங்களில் மார்க்கெட்டிங் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "டீமுக்கு ஒரு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லா இருக்கும்?" கொடைக்கானலிலிருந்தும் ஒருவர் கேட்டுவிட்டார். தனித்தனியாகப் பதில் அனுப்புவதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் கட்சி இதுதான்: அந்த மென்பொருளை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கப் போகிறவர் (அநேகமாகக் கேள்வி கேட்கும் நீங்களேதான்) எதைக் கொடுத்தாலும் பழகிக்கொள்வார். ஆனால் எப்போதாவது, அதுவும் போனில், ஒரு நிமிடம் திறந்து "சரி, போடுங்க" என்று சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் எல்லா டீமிலும் இருக்கிறார். அவர் கைக்கு எது ஒத்து வருகிறதோ அதை வாங்குங்கள். மற்ற வசதிகளெல்லாம் அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், மார்க்கெட்டிங் வேலை தாமதமாவது பெரும்பாலும் செய்கிற இடத்தில் இல்லை, காத்திருக்கும் இடத்தில். இதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். எந்த மென்பொருளின் விளம்பரப் பக்கத்தையும் திறப்பதற்கு முன்னால், ஏற்கனவே முடிந்துபோன ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பையும் மெயிலையும் பின்னோக்கிப் புரட்டி, அது எந்தெந்த நாள் யார் கையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் வேலை பார்ப்பது குன்னூரில். சொந்தத் தோட்டத்துத் தேயிலையைப் பாக்கெட் போட்டு விற்பதும், பழைய பங்களாக்களை விருந்தினருக்கு விடுவதும் எங்கள் தொழில். நாங்கள் எடுத்துப் பார்த்தது கோடை சீசனுக்கு அடித்த ஒரு புரோஷர். எழுதியது சீக்கிரம் முடிந்தது. கோவையில் இருக்கும் டிசைனர் தம்பியும் சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட்டான். மீதி நாட்களெல்லாம் அது தூங்கிக்கொண்டிருந்தது: கொஞ்ச நாள் எங்கள் ஓனர் மேடத்தின் வாட்ஸ்அப்பில், குடும்பக் குழுக்களின் கல்யாண போட்டோக்களுக்குக் கீழே, கொஞ்ச நாள் தொழிற்சாலையில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் அண்ணாவின் பதிலுக்காக, தோட்டம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்ற ஒரே ஒரு தகவல் தெரியாமல், கொஞ்ச நாள் "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் கடைசி" என்ற மூன்று பிடிஎஃப்பில் எதை அச்சுக்கு அனுப்புவது என்ற குழப்பத்தில்.

இந்தத் தாள் கையில் இருந்தால் விற்பனைப் பேச்சுக்கு மயங்க மாட்டீர்கள். டெமோ காட்டுகிறவர் டாஷ்போர்டு, ஆட்டோமேஷன், ஏஐ சுருக்கம் என்று வரிசையாகக் காட்டுவார். எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்கள் வேலை தூங்கும் அந்த மூன்று இடங்களில் இது எதை எழுப்பும்?

சரி, சந்தையில் என்னென்ன இருக்கின்றன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ட்ரெல்லோ 2011-ல் வந்தது, 2017-ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் அதை வாங்கியது; ஒரு பலகை, அதில் பத்திகள், பத்திகளில் வேலைக்கு ஒன்றாகக் கார்டுகள், அவ்வளவுதான், பார்த்த உடனே புரிந்துவிடும். அதே அட்லாசியனின் ஜிரா, மென்பொருள் எழுதுகிறவர்கள் பிழைகளைக் கண்காணிக்கப் பிறந்தது. உங்கள் நிறுவனத்தில் ஐடி டீம் ஏற்கனவே வைத்திருக்கிறது என்பதற்காக மார்க்கெட்டிங் அதற்குள் போக வேண்டாம், அதன் சொல்வழக்கே வேறு. அசானாவை ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர் டஸ்டின் மோஸ்கோவிட்ஸ். ஒரே வேலையைப் பட்டியல், பலகை, நாட்காட்டி என்று மாற்றி மாற்றிப் பார்க்க அது வசதியானது. மன்டே டாட் காம் வண்ணமயமான விரிதாள் மாதிரி இருக்கும், எக்செலில் வாழ்கிறவர்களுக்குப் பிடிக்கும். கிளிக்அப்பில் இல்லாத வசதி இல்லை, அதனாலேயே புதிதாக வருகிறவர் திணறுவார். நோஷன் எழுதி வைப்பதற்கு அருமை. ஆனால் அமைப்பை நீங்களே கட்ட வேண்டும், கட்டினவர் வேலையை விட்டுப் போனால் மற்றவர்களுக்குப் புரியாது. பேஸ்கேம்ப் 2004-லிருந்து இருக்கிறது, உரையாடலை மையமாக வைத்தது. நம் ஊர் ஸோஹோவின் ப்ராஜெக்ட்ஸ் இருக்கிறது. ரூபாயில் பில், ஜிஎஸ்டி எண்ணோடு, உதவிக்குக் கூப்பிட்டால் தமிழில் பேச ஆள் கிடைக்க வாய்ப்பும் உண்டு. இதில் மோசம் என்று சொல்ல எதுவும் இல்லை. உங்களுக்கு எது என்பதுதான் கேள்வி.

அதற்கு நான் சொல்லும் சோதனை மிக எளிது. இலவசக் கணக்கு ஒன்று திறந்து, ஒரு வேலையை உருவாக்கி, டிசைன் படத்தை அதில் இணைத்து, அதன் லிங்க்கை ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எதுவும் சொல்லித் தராமல், பார்த்துக்கொண்டே இருங்கள். படம் கண்ணுக்குத் தெரிய எத்தனை தடவை தட்ட வேண்டியிருக்கிறது? நடுவில் பாஸ்வேர்டு கேட்கிறதா? படத்தைப் பார்த்த பிறகு "ஓகே" என்று எழுதும் இடம் அவருக்குத் தானாகக் கண்ணில் படுகிறதா? எங்கள் மேடம் முதலில் சொன்னது, "இதுக்குன்னு தனியா ஒரு ஆப் வேணுமாங்க? வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாட்ஸ்அப் அவர் கையில் இருக்கிறது, வேகமாக இருக்கிறது. அதோடு போட்டி போட்டு ஜெயிக்கும் அளவுக்கு எளிதாக இருந்தால்தான் எந்த மென்பொருளும் நிலைக்கும். இந்தச் சோதனையில் சில பெரிய பெயர்கள் முதல் நாளே விழுந்துவிட்டன. அசானாவிலும் பேஸ்கேம்ப்பிலும் மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதில் எழுதினாலே அது அந்த வேலைக்குக் கீழே கமென்ட்டாகப் போய் விழும்; உங்கள் ஓனர் மெயில் பார்க்கிற ரகம் என்றால் அது பெரிய விஷயம்.

டீ மேக்கர் அண்ணாவுக்கு நாங்கள் கணக்கே திறக்கவில்லை. அவர் தொழிற்சாலையில் வாடும் இலையையும் ரோலரையும் பார்ப்பாரா, நம் கார்டைப் பார்ப்பாரா? அவரிடம் கேட்க வேண்டியதைப் போனில் கேட்டு, பதிலை நாங்களே கார்டில் எழுதிவிடுகிறோம், யார் சொன்னது, எந்தத் தேதி என்பதோடு. எல்லாரையும் உள்ளே இழுத்தால்தான் மென்பொருள் வேலை செய்யும் என்று சொல்வார்கள். என் அனுபவத்தில், யாரை வெளியே விட வேண்டும் என்று முடிவு செய்வதும் அதே அளவு முக்கியம்.

அடுத்து, ஒரு வேலைக்கு ஒரு பெயர். அசானாவில் ஒரு வேலைக்கு ஒரே ஒரு பொறுப்பாளரைத்தான் போட முடியும், அது தெரிந்தே செய்த முடிவு. ட்ரெல்லோ, கிளிக்அப் இரண்டிலும் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்காதீர்கள். இரண்டு பேர் பெயர் இருக்கும் கார்டில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள், இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது. ட்ரெல்லோ எடுத்தாலும் ஒரு கார்டுக்கு ஒரு ஆள் என்று நீங்களே விதி வைத்துக்கொள்ளலாம். கை மாறும்போது பெயரும் மாற வேண்டும். ஒப்புதலுக்குப் போனால் கார்டில் ஓனர் பெயர்தான் இருக்க வேண்டும். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், மேடம் பெயரிலேயே வேலை நிற்கிறது என்று பலகை காட்டும்போது. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் மேடம் திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்து முடிக்கும் பழக்கத்துக்கு வந்தார்.

இந்தப் பலகை முறை டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியும், தாய்ச்சி ஓனோ அங்கே கொண்டுவந்தது. அதிலிருந்து பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு முக்கியமான பாதியை விட்டுவிடுகிறோம்: ஒரு கட்டத்தில் ஒரே நேரத்தில் இத்தனைதான் இருக்கலாம் என்ற வரம்பு. "ஒப்புதலுக்கு" என்ற பத்தியில் நான்கு கார்டுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துப் பாருங்கள். ஐந்தாவது போஸ்டரை வடிவமைத்து அங்கே குவிப்பதில் எந்தப் பயனும் இல்லை. அந்த நேரத்தில் டிசைனர் பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்தட்டும், அல்லது நிம்மதியாக டீ குடிக்கட்டும். நான்கும் நகர்ந்த பிறகு ஐந்தாவது.

தேதி விஷயத்தில் மலைத் தொழிலுக்கு என்று ஒரு தனித்தன்மை உண்டு, இதை எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் வேலை இரண்டு வகை. மே மாதக் கோடை விழா ஒரு வகை: ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறி, கூடலூரில் வாசனைப் பொருட்கள். இதெல்லாம் எந்த மாதம் என்று தெரியும், அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். புரோஷர் கோவையில் அச்சாகி மலை ஏறி வர வேண்டும். சீசனில் ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்கிவிடுவார்கள், டெலிவரி வண்டியும் அதில்தான் மாட்டும். அதற்கும் நாள் விட வேண்டும். இந்த வகை வேலைக்கு கேன்ட் சார்ட் எனப்படும் பட்டை வரைபடம் மிக நன்றாக உதவும், ஒன்று தள்ளினால் எது எது தள்ளும் என்று காட்டும்.

இன்னொரு வகை உறைபனித் தேயிலை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்குள் குளிரில் கொழுந்து மெதுவாக வளரும்போது பறிப்பது, மணம் தனியாக இருக்கும், விலையும் கூட. என்றைக்கு நல்ல இலை கிடைக்கும், எத்தனை கிலோ வரும் என்று யாராலும் முன்னாலேயே சொல்ல முடியாது. இதற்குத் தேதி போட்ட பட்டை வரைந்தால் தினமும் அதை இழுத்துத் திருத்துவதே ஒரு வேலையாகிவிடும். இங்கே வேண்டியது தயாராக இருக்கும் ஒரு மாதிரிக் கார்டு: அண்ணா "இலை வந்துடுச்சுங்க" என்று போன் செய்த நிமிடம் அதை நகலெடுத்தால், போட்டோ எடுப்பது, சுவைக் குறிப்பு எழுதுவது, லேபிள், பழைய வாடிக்கையாளருக்கு மெயில், இன்ஸ்டாகிராம் என்று எல்லாம் அன்றிலிருந்து எண்ணி விரிய வேண்டும். லேபிளுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்புப் பட்டியல்: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், நிகர எடை, எம்ஆர்பி, பாக்கெட் போட்ட தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது. அச்சகத்துக்குப் போகும் கார்டில் இன்னொரு வரி: பார்சலைப் பிளாஸ்டிக்கில் சுற்றாமல் அனுப்பச் சொல்லவும், நீலகிரியில் தடை. இதெல்லாம் மனதில் வைத்திருக்கும் ஒருவர் லீவில் போகும் நாளில்தான் தவறு நடக்கும். ஆகவே பட்டை வரைபடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், மாதிரிக் கார்டை நகலெடுக்கும்போது சரிபார்ப்புப் பட்டியலும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். உங்களிடம் எந்த வகை வேலை அதிகமோ அதற்கேற்ற மென்பொருள்.

தேடலும், கார்டில் வகை குறிக்க ஒட்டும் லேபிளும் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு உதாரணம். 2024 ஏப்ரல் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது, மே 7-லிருந்து நடைமுறை. இடையில் ஒரு வாரம்தான். சீசனுக்குத் தயாராக எழுதி வைத்திருந்த "கிளம்பி வாங்க" ரகப் பதிவுகள், விருந்தினருக்குப் போகும் மெயில்கள், புக்கிங் உறுதிச் செய்தி, எல்லாவற்றிலும் இ-பாஸ் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். இப்படி ஒரு நாளில், "பயணம்" என்று லேபிள் போட்ட கார்டுகளை ஒரே தட்டலில் வரிசையாக எடுக்க முடிகிறதா இல்லையா என்பது வசதி இல்லை, உயிர்நாடி. விருந்தினர் கல்லாறு சோதனைச் சாவடியில் குழந்தைகளோடு நின்றுகொண்டு நமக்குப் போன் செய்தால், அந்தப் பழி நம் மெயிலின் மேல்தான். தேடல் பெட்டியில் தமிழ்ச் சொற்களையும் போட்டுப் பாருங்கள். "கோடை" என்று தேடினால் "கோடைக்கு" என்று எழுதிய கார்டும் வருகிறதா?

நெட்வொர்க்கைப் பற்றி மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழையில் காற்று அடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். தொழிற்சாலை பள்ளத்தில் இருந்தால் வெயில் நாளிலும் சிக்னல் இல்லை. அதனால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஆப் திறக்கிறதா, எழுதியது சிக்னல் வந்ததும் தானாக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். ட்ரெல்லோவின் மொபைல் ஆப்பில் இந்த வசதி பல வருடமாக இருக்கிறது. நோஷனில் 2025-ல்தான் வந்தது.

பணம். பெரும்பாலும் ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்றுதான் விலை. மன்டேயில் கட்டணத் திட்டத்துக்குக் குறைந்தது 3 இருக்கை வாங்க வேண்டும், அதற்கு மேல் தொகுப்பாக ஏறும், உங்கள் ஆள் கணக்குக்குச் சரியாகப் பொருந்தாது. ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் ஒரு வொர்க்ஸ்பேஸுக்கு (ஒரு டீமின் பலகைகள் எல்லாம் சேர்ந்திருக்கும் இடம்) 10 பேர், ஒரு கோப்பு 10 எம்பிக்குள். அச்சுக்குப் போகும் பிடிஎஃப் அதைச் சாதாரணமாகத் தாண்டும். எந்த மென்பொருள் எடுத்தாலும் அச்சுக் கோப்பை அதற்குள் வைக்காமல் கூகுள் டிரைவில் ஒரே இடத்தில் வைத்து லிங்க்கை மட்டும் கார்டில் போடுங்கள் என்பேன், அந்த மூன்று "ஃபைனல்" குழப்பமும் அதோடு தீரும். டாலரில் கட்டும் சந்தாவுக்கு வங்கியின் மாற்றுக் கட்டணம் சேரும். ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம் வெளிநாட்டு மென்பொருளுக்கு 18% வரியை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதிலாக, தானே கட்டிக் கணக்குக் காட்ட வேண்டும், உங்கள் ஆடிட்டரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். இன்னொன்று, வங்கிக் கார்டில் தானாகப் பிடிக்கும் சந்தாத் தொகை 15,000 ரூபாயைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு முறையும் ஓடிபி போட வேண்டும். வருடக் கட்டணம் தள்ளுபடி என்று எடுத்துவிட்டு, அடுத்த வருடம் ஓடிபி போகும் போன் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் கணக்கு முடங்கினால், அதுவும் மே மாதத்தில் முடங்கினால், என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்தியே சொல்கிறேன். பல மென்பொருள்களில் யார் எத்தனை மணி நேரம் எந்த வேலையில் இருந்தார் என்று அளக்கும் வசதி உண்டு. ஓனருக்கு அதைக் காட்டினால் உடனே கண் விரியும். தயவுசெய்து அதைத் திறந்து வைக்காதீர்கள். ஒரு நல்ல தலைப்புக்காக ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் அரை மணி நேரம் எந்தக் கணக்கிலும் வேலையாக விழாது, ஆனால் அதுதான் வேலை. மணிக்கணக்கு ஆரம்பித்துவிட்டால் பலகை வருகைப் பதிவேடாக மாறிவிடும், ஆட்கள் உண்மையை எழுத மாட்டார்கள், முடியாததை முடிந்தது என்று நகர்த்துவார்கள். பிறகு அந்தப் பலகையைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எங்கள் டீமில் எடுக்கும் எண் ஒன்றே ஒன்று: ஒரு கார்டு ஒப்புதல் பத்தியில் எத்தனை நாள் இருந்தது.

சோதித்துப் பார்க்கும்போது பொய் வேலைகளை வைத்துப் பார்க்காதீர்கள். நிஜமாக ஓடும் ஒரு பிரச்சாரத்தை, ஓனர், டிசைனர், வெளி ஆள் போட்டோகிராபர் எல்லாரையும் வைத்து, ஆரம்பம் முதல் கடைசி வரை அதிலேயே ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் மூன்று மென்பொருளைப் பரீட்சை பார்க்க வேண்டாம், டீம் வெறுத்துவிடும். "அந்த போஸ்டர் என்ன ஆச்சுங்க?" என்ற மெசேஜ் வாட்ஸ்அப்பில் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குறையவில்லை என்றால் மென்பொருளை மாற்றும் முன், பத்திகளைக் குறைத்துப் பாருங்கள். எங்களுக்கு "வந்தது", "செய்கிறோம்", "ஒப்புதலுக்கு", "அச்சு அல்லது பதிவு", "முடிந்தது" என்று ஐந்தே போதுமாக இருக்கிறது.

நாங்கள் நின்றது ட்ரெல்லோவில். லிங்க்கைத் தட்டினால் படம் தெரிகிறது, மேடம் "ஓகே" எழுதுகிறார், சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கிறது, காரணம் அவ்வளவுதான். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் டீம், தேதி பிசகக் கூடாத பிரச்சாரங்கள் ஒரே நேரத்தில் நிறைய ஓடுகின்றன என்றால் அசானாவைப் பார்க்கச் சொல்வேன். கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் ஏற்கனவே ஸோஹோவில் இருந்தால் அதன் ப்ராஜெக்ட்ஸை முதலில் சோதியுங்கள், வெளியே அலைய வேண்டாம்.

முடிவு செய்யும் முன் ஒரு தடவை எல்லாவற்றையும் வெளியே எடுத்தும் பாருங்கள். ட்ரெல்லோவின் இலவசத் திட்டத்தில் நிரல் எழுதுகிறவர்களுக்கான ஜேசன் கோப்பாகத்தான் வரும், விரிதாளில் திறக்கும் சிஎஸ்வி வேண்டுமென்றால் பணம் கட்டும் மேல் திட்டம். அசானா சிஎஸ்வியே தரும். அந்தச் சிஎஸ்வியை நேராக எக்செலில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் குப்பைக் குறிகளாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம், எழுத்துக் குறியாக்கம்தான் காரணம். கூகுள் ஷீட்ஸில் இறக்குமதி செய்தால் ஒழுங்காக வந்துவிடும்.